கீழ்பென்னாத்தூர் வரை மொறுமொறு

திருவண்ணாமலைக்கு வந்தும் மலையைச் சுற்றாமல் போனவர்கள் உண்டு. கோயில் வாசல் வரை வந்து, செருப்பு தொலைந்துவிடுமோ என்று பயந்து திரும்பிப் போனவர்களும் உண்டு. ஆனால் ஒரு நாலைந்து வருட காலம், அந்த ஊரில் எண்ணெயில் விழுந்த எந்தப் பஜ்ஜியும், ஊரார் சாம்பிள் என்று அழைத்த ஒருவரின் பல்லில் படாமல் தப்பியதில்லை. நான் கொஞ்சம் கூட்டிச் சொல்கிறேன் என்று நினைப்பவர்கள், அந்த நாளில் செங்கம் ரோட்டில் தள்ளுவண்டி வைத்திருந்த யாரையாவது கேட்டுப் பார்க்கலாம். பெயரைச் சொன்னதுமே தட்டின் மேல் ஒரு பேப்பரை இழுத்து மூடுவார்கள்.

சாம்பிளுக்குச் சொந்தப் பெயர் ஒன்று இருந்தது. ஏதோ ஒரு தபாலில் பார்த்த ஞாபகம். ஊரில் யாரும் அதைப் பயன்படுத்தாததால் எனக்கும் மறந்துவிட்டது. ரத்தம் பரிசோதிக்கும் லேப் ஒன்றில் வேலை. காலை முதல் மாலை வரை ஊரார் விரலில் ஊசி குத்திக் குத்தி, எதையும் முழுதாக வாங்கிப் பார்க்கும் பழக்கமே அவருக்கு விட்டுப் போயிருந்தது. ஒரு சொட்டு போதும், மிச்சத்தை அவரே சொல்லிவிடுவார்.

சலூனுக்குப் போனால் ஒரு பக்கக் கிருதாவை மட்டும் எடுக்கச் சொல்வார். கண்ணாடியில் திரும்பித் திரும்பிப் பார்த்துவிட்டு, "ம், பரவால்ல. இந்தப் பக்கமும் பண்ணிடுங்க" என்பார். செருப்புக் கடையில் ஒரு காலுக்கு மட்டும் போட்டுக்கொண்டு தேரடி வரை நடந்துவிட்டு வருவார். இன்னொரு கால் வெறும் கால். எங்கள் அறையை வாடகைக்குப் பார்க்க வந்தபோது, ஒரு மத்தியானம் மட்டும் படுத்துத் தூங்கிப் பார்த்தார். எழுந்து, "காத்து கம்மி, மூட்டைப்பூச்சி ஜாஸ்தி. ஆனா தூக்கம் வருது" என்று சொல்லிவிட்டுப் பெட்டியை எடுத்துவரப் போனார்.

மாவட்டம் பிரிந்த புதிது அது. ஊருக்குப் புதுப்புது ஆபீஸ்கள் வந்தன. ஆபீஸ்களோடு என்னைப் போன்ற கிளார்க்குகளும் வந்தோம். எனக்கு இருபத்தேழு வயது. பே கோபுரத் தெருவை ஒட்டிய ஒரு சந்தில் மாடி அறை. அதில் எனக்கு ஒரு கட்டில், என்னைவிட நாலு வயது பெரியவரான சாம்பிளுக்கு ஒரு கட்டில். ஒரே பக்கெட்டில் குளித்தோம், ஒரே சோப்பைத் தேய்த்தோம். ஆனாலும் கடைசி வரை ஒருவரை ஒருவர் "சார்" என்றுதான் கூப்பிட்டுக்கொண்டோம். ஆபீஸ்காரர்கள் புத்தி அப்படி.

சாம்பிளிடம் இன்னொரு வியாதியும் இருந்தது. பொய் வராது. கீழே குடியிருந்த ஹவுஸ் ஓனர் அக்கா பிரியமாக ஒரு கிண்ணம் பாயசம் கொடுத்தனுப்பினால், கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது, "பால் திரிஞ்சிருக்கு, ஏலக்காயைப் போட்டு மறைச்சிருக்கீங்க" என்று சொல்லிவிட்டு வருவார். அக்கா அதன்பிறகு மூன்று மாதம் எங்களிடம் வாடகை தவிர வேறு எதுவும் பேசவில்லை. "இன்னா சார், ஒரு வார்த்தை நல்லாருக்குன்னு சொன்னா கொறைஞ்சா போயிடுவீங்க?" என்று கேட்டேன். "ரிசல்ட்டுல தாட்சண்யம் பாக்கக் கூடாது சார். பாத்தா பேஷண்ட் செத்துடுவான்" என்றார். பாயசத்தில் யார் பேஷண்ட் என்று நான் கேட்கவில்லை.

அவர் வீட்டில் பஜ்ஜி போட ஆரம்பித்ததற்குக் காரணமே இந்த வாய்தான். சாயங்காலம் தள்ளுவண்டிக்கு வருவார். வாழைக்காயில் ஒன்று, உருளைக்கிழங்கில் ஒன்று, மிளகாயில் ஒன்று என்று சாம்பிள் எடுப்பார். மென்றுகொண்டே, நாலு பேர் நின்று சாப்பிடும் இடத்தில், "சோடா உப்பு ஜாஸ்தி. எண்ணெய் நேத்து எண்ணெய். வாழைக்காய் காலையிலயே வெட்டி வெச்சது" என்பார். சாப்பிட்டுக்கொண்டிருந்த நாலு பேரும் கையில் இருப்பதை ஒருமுறை பார்ப்பார்கள். ஒருநாள் கடைக்காரர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"இவ்ளோ தெரியுதில்ல சார், உன் வூட்டுலயே போட்டுத் துன்னேன். நான் பொழைச்சிப் போறேன்."

சாம்பிள் ஒரு நிமிடம் யோசித்தார். "அதுவும் சரிதான்" என்றார். கோபமே இல்லை. அன்று சாயங்காலமே இரும்புக் கடாய், பம்ப் ஸ்டவ், கடலை மாவு சகிதம் மாடி ஏறி வந்தார். பாத்திரக் கடையில் அடுப்பு மூட்டி ஒரு பஜ்ஜி போட்டுப் பார்த்துவிட்டுத்தான் கடாயை வாங்குவேன் என்று சொல்லியிருக்கிறார். அவர்கள் மாட்டோம் என்றதால், மனசில்லாமல்தான் வாங்கினாராம்.

அன்றிலிருந்து எங்கள் அறை லேப் ஆனது. வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொள்வார். எண்ணெயில் ஒரு சொட்டு மாவை விட்டு, அது மேலே வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். கத்திரிக்காய், வெங்காயம், சௌசௌ, முள்ளங்கி, பாகற்காய், கோவைக்காய் என்று மார்க்கெட்டில் விற்றது எல்லாம் மாவில் குளித்துக் கடாயில் இறங்கியது. ஒவ்வொன்றின் மேலும் ஒரு துடைப்பக் குச்சி, குச்சியில் ஒரு சீட்டு, சீட்டில் நம்பர். சாப்பிடுவதற்கும் ஒரு முறை வைத்திருந்தார். வெறும் வயிற்றில் ஒன்று, சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து ஒன்று.

"பசியில எல்லாமே நல்லாத்தான் இருக்கும் சார். அது பஜ்ஜியோட கெட்டிக்காரத்தனம் இல்ல" என்பார்.

நான் இதில் ஒரு கை கொடுத்ததில்லை. கட்டிலில் சாய்ந்துகொண்டு, நம்பர் வாரியாகத் தின்றேன். அரிசி மாவு கம்மி, எண்ணெய் சூடு பத்தல, மாவு தளதளன்னு இருக்கு என்று அவர் முணுமுணுப்பதெல்லாம் சும்மா காதில் விழுந்தது. ஒருவனைக் கெடுக்க அதுவே போதும். ஆறு மாதத்தில் எனக்குப் பஜ்ஜியைப் பற்றி எல்லாம் தெரியும் என்ற எண்ணம் வந்துவிட்டது. ஸ்டவ்வுக்குப் பம்ப் அடிக்கக்கூடத் தெரியாது என்பது எனக்கு ஞாபகமே இல்லை.

இந்த நிலைமையில்தான் எனக்குப் பெண் பார்த்தார்கள். அதற்கு முன் நாலு இடம் தட்டிப் போயிருந்தது. ஒரு இடத்தில் நான் குள்ளம் என்றார்கள், ஒரு இடத்தில் வேலை சின்னது என்றார்கள், மற்ற இரண்டு இடத்தில் காரணம் சொல்லக்கூட அவர்களுக்குத் தோன்றவில்லை. ஐந்தாவது இடம் கீழ்பென்னாத்தூர். அப்பா வேர்க்கடலை, அந்தப் பக்கத்துப் பேச்சில் மல்லாட்டை, போடும் விவசாயி, மகள் பி.ஏ. படித்தவள். அம்மாவும் நானும் போய் உட்கார்ந்தோம். பெண் வந்தாள். தலையைக் குனியாமல் நேராக என் முகத்தைப் பார்த்தாள். எனக்கு அந்தப் பெண்ணைப் பிடித்துப் போய்விட்டது. யாரையாவது பிடித்துப் போனால், பதற்றத்தில் எனக்கு வாய் சும்மா இருக்காது.

தட்டில் சொஜ்ஜியும் பஜ்ஜியும் வந்தன. பஜ்ஜியைக் கையில் எடுத்தேன். அது நடுவில் வளைந்து இரண்டு பக்கமும் தொங்கியது. நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, சபைக்குப் பொதுவாகச் சொன்னேன்:

"அரிசி மாவு கம்மி. எண்ணெய் காயறதுக்கு முன்னாடியே போட்டுட்டாங்க, அதான் எண்ணெய் குடிச்சிருக்கு."

அம்மா என் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினாள். அப்போதாவது நிறுத்தியிருக்கலாம். "நான் ரூம்ல போட்டா, ரெண்டு மணி நேரம் ஆனாலும் மொறுமொறுன்னு நிக்கும்" என்றேன்.

பெண்தான் முதலில் பேசினாள். "நான்தாங்க போட்டேன்" என்றாள். பிறகு அப்பாவிடம் திரும்பி, "நைனா, நீங்க வீடு பாக்கப் போறப்ப, இவரு கையால போட்ட பஜ்ஜி ரெண்டு எனக்கு எடுத்துக்கினு வாங்க. இங்க வந்து சேர்றப்ப எப்படி நிக்குதுன்னு பாக்கறேன்" என்றாள்.

அவள் அப்பா சிரிக்கவும் இல்லை, முறைக்கவும் இல்லை. "ஆடி பொறக்கப் போவுது. ஆவணி மொதல் ஞாயித்துக்கெழம வரேன். எண்ணெய் நானே கொண்டாறேன், நம்ம மல்லாட்டையில ஆட்டினது. வெத்தல பாக்கு மாத்தறதைப் பத்தி அதுக்கப்புறம் பேசிக்கலாம்" என்றார்.

திரும்பி வரும் பஸ்ஸில் அம்மா ஊர் எல்லை வரை டிக்கெட்டை மடித்து மடித்துப் பிரித்தாள். பிறகு, "வாய வெச்சிக்கினு சும்மா இருக்கறதுக்கு இன்னாடா உனக்கு? தங்கமாட்டம் பொண்ணு. நீயே போடு, நான் வந்து ஒரு கரண்டி கூடப் புடிக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு, ஆரணி பஸ்ஸில் ஏறி ஊருக்குப் போய்விட்டாள்.

அறைக்கு வந்து சாம்பிளிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் ஒரு நோட்டை எடுத்து எழுதிக்கொண்டே கேட்டுவிட்டுச் சொன்னார்.

"பிரச்சனை ரெண்டு இருக்கு சார். ஒண்ணு, உங்களுக்கு பஜ்ஜி போடத் தெரியாது. ரெண்டு, தெரிஞ்சாலும் அது கீழ்பென்னாத்தூர் வரைக்கும் தாங்காது. பஸ்ல நமுத்துடும்."

"அதனாலதான் சார் கேக்கறேன். அன்னைக்கி நீங்க போட்டுக் குடுத்துடுங்க. நான் தட்டை மட்டும் எடுத்துக்கினு வரேன்."

சாம்பிள் நோட்டை மூடினார். நான் ஏதோ திருடக் கூப்பிட்டது போல என்னைப் பார்த்தார்.

"வேற ஒருத்தர் ரத்தத்தை எடுத்து உங்க பேர்ல அனுப்பறதும் இதுவும் ஒண்ணு சார். அதுக்கு நான் ஆள் இல்ல. கடாய் இருக்கு, மாவு இருக்கு, ஒரு மாசம் இருக்கு. போடுங்க. ரிசல்ட் நான் சொல்றேன்."

ஆடி மாதம் முழுக்க ஊரில் அம்மன் கோயில்களில் கூழ் ஊற்றினார்கள். நான் பஜ்ஜி போட்டேன். முதல் நாள் வாழைக்காயைக் கதவுத் தாழ்ப்பாள் கனத்துக்கு வெட்டினேன். வெளியே கருகி, உள்ளே பச்சையாகவே இருந்தது. மறுநாள் மெலிதாக வெட்டினேன். காய் எங்கே போனது என்றே தெரியவில்லை, மாவு மட்டும் வந்தது. வெங்காயம் கடாயில் இறங்கியதும் வளையம் வளையமாகப் பிரிந்து ஆளுக்கொரு பக்கம் போனது. மிளகாயைக் கீறாமல் போட்டேன். அது வெடித்து, சுவரில் இருந்த காலண்டரில் மூன்று தேதிகளை எண்ணெயாக்கியது.

சாம்பிள் கற்றுக்கொடுக்கவே மாட்டார். ஒன்றை எடுத்துக் கடிப்பார், கண்ணை மூடிக்கொண்டு மெல்வார், பிறகு சொல்வார்: "வாழைக்காய். நிறம் கருப்பு. எண்ணெய் ஜாஸ்தி. சத்தம் இல்ல. திருப்பி எடுக்கணும்."

இந்தச் சத்தத்துக்கு ஒரு அளவு வைத்திருந்தார். என்னை மாடிப்படியில் போய் நிற்கச் சொல்வார். அவர் அறைக்குள் உட்கார்ந்து பஜ்ஜியைக் கடிப்பார். கடிக்கும் சத்தம் மூன்றாவது படியில் நிற்பவனுக்குக் கேட்க வேண்டும், அதுதான் பாஸ்.

"கேக்குதா சார்?"

"கேக்கல சார்."

"நல்லா காது குடுத்துக் கேளுங்க."

"நீங்க கேக்கறதுதான் சார் கேக்குது."

கீழேயிருந்து ஹவுஸ் ஓனர் அக்கா, "எனக்கு எல்லாமே கேக்குதுப்பா. துணியெல்லாம் எண்ணெய் வாசனை. என் புருஷனை ஆபீஸ்ல டீக்கடை வெச்சிருக்கியான்னு கேக்கறாங்களாம்" என்று கத்துவார்.

ஆசிரமப் பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணுக்கு ரத்தம் எடுக்கப் போன இடத்தில், அவர்கள் ஊரில் மாவை ஐஸ் தண்ணீரில் கரைத்தால்தான் மொறுமொறுப்பு என்று சாம்பிள் கேள்விப்பட்டு வந்தார். எனக்கு அது போதுமானதாக இருந்தது. கூல்டிரிங்க்ஸ் கடையில் ஐஸ் வாங்கி வந்து, உடைத்து, மாவில் போட்டுக் கரைத்தேன். கரையாமல் ஒரு கட்டி உள்ளே இருந்ததை நான் பார்க்கவில்லை. உருளைக்கிழங்கோடு சேர்ந்து அதுவும் கொதிக்கிற எண்ணெயில் இறங்கியது. அப்புறம் நடந்ததை நான் கட்டிலின் மேலே நின்றுகொண்டுதான் பார்த்தேன். எப்படி ஏறினேன் என்று தெரியாது. இடது கையில் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை கொப்புளம். சாம்பிள் ஸ்டவ்வை அணைத்து, என் கையைக் குளிர்ந்த தண்ணீரில் வைத்து, மருந்து போட்டு, துணி சுற்றிவிட்டார். எல்லாம் முடிந்த பிறகு, தரையில் கிடந்த உருளைக்கிழங்கு பஜ்ஜியை எடுத்து ஊதிவிட்டுக் கடித்தார்.

"சார், சத்தம் வருது" என்றார்.

மறுநாள் கட்டுப் போட்ட கையோடு போட்டேன். அதற்கு மறுநாளும் போட்டேன். எனக்கு வேறு வழி தெரியவில்லை. கண்ணை மூடினால் அந்தப் பெண் நேராகப் பார்த்த பார்வைதான் வந்து நின்றது. மூன்றாவது வாரத்தில் ஒருநாள் படியில் நின்றுகொண்டிருந்தபோது, கறுக்கென்று ஒரு சத்தம் கேட்டது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அது கொஞ்சம் எண்ணெய்ப் புகையாலும் இருக்கலாம்.

இனி இரண்டாவது பிரச்சனை. சாம்பிள் அதை லேப் வேலையாகவே எடுத்துக்கொண்டார். சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து அவருக்குப் பஸ்ஸில்தான் ரத்தம் வரும். கெடாமல் எப்படி வர வேண்டும் என்று அவருக்குத் தெரியும். இப்போது பஜ்ஜி போக வேண்டும், அவ்வளவுதான். ஒரு புதன்கிழமை நான் போட்ட பஜ்ஜிகளை நாலு விதமாகக் கட்டினார். ஒன்று நியூஸ் பேப்பரில், ஒன்று வாழை இலையில், ஒன்று பாலிதீன் கவரில். நாலாவதுக்கு என் டிபன் பாக்ஸை எடுத்து, மூடியில் ஆணியால் பதினெட்டு ஓட்டை போட்டு, அடியில் ஒரு கை பொரியைப் பரப்பி, பஜ்ஜியை ஆறவைத்து அடுக்கினார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அது ஆபீஸுக்கு நான் சாம்பார் சாதம் கொண்டுபோகும் பாக்ஸ்.

நாலு பொட்டலத்தையும் மடியில் வைத்துக்கொண்டு செஞ்சி போகும் பஸ்ஸில் ஏறினார். ஸ்டாப்புக்கு ஸ்டாப் ஒவ்வொன்றிலும் ஒரு கடி கடித்து, நோட்டில் எழுதிக்கொண்டே கீழ்பென்னாத்தூர் போய் இறங்கி, அடுத்த பஸ்ஸில் திரும்பி வந்தார்.

"கவர்ல இருந்தது ரெண்டாவது ஸ்டாப்லயே காலி. எலையில வேர்த்துடுச்சி. பேப்பர் பரவால்ல, ஆனா எழுத்து பஜ்ஜியில ஒட்டிக்கிச்சி. டிபன் பாக்ஸ் பாஸ் சார்."

"யாராவது ஒண்ணும் சொல்லலியா சார்?"

"பக்கத்து சீட்டுல ஒரு பெரியவரு. இன்னா பண்றீங்கன்னாரு. அவருக்கும் ஒண்ணு குடுத்தேன். எதுக்குன்னு கேட்டாரு, எல்லாம் சொன்னேன். ரொம்ப விவரமா கேட்டுக்கிட்டாரு. நல்ல மனுஷன்."

நான் ஓட்டை விழுந்த டிபன் பாக்ஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பெரியவர் மேல் எனக்கு அக்கறை எதுவும் இல்லை.

ஆவணி முதல் ஞாயிறு. அறையைக் கழுவிவிட்டு, கட்டிலில் புதுப் போர்வை விரித்தேன். "சார், அவரு வர்ற நேரத்துக்கு நீங்க மட்டும் ரூம்ல இருக்காதீங்க. உங்க வாய எனக்குத் தெரியும்" என்றேன். சாம்பிள் சரி என்று சொல்லி மதியமே வெளியே போனார். நாலு மணிக்குப் பெண்ணின் அப்பா தனியாக வந்தார். கையில் எண்ணெய் கேன். அறையைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார், கடாயைப் பார்த்தார், என் கையில் இருந்த கொப்புளத் தழும்பையும் பார்த்தார். அந்த நேரம் பார்த்துக் கதவு திறந்தது. மறந்துவிட்டுப் போன குடையை எடுக்க சாம்பிள் வந்து நின்றார்.

"அட, பஸ்ல பஜ்ஜி குடுத்தவரு. எங்க காணோமேன்னு பாத்தேன்" என்றார் பெண்ணின் அப்பா.

சாம்பிளுக்கு முகம் வெளுத்தது. மார்க்கெட் கமிட்டியில் வேர்க்கடலை போட்டுவிட்டு அந்தப் புதன்கிழமை ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்தவர்தான் இவர். சாம்பிள் என்னிடம் திரும்பி, ரொம்ப மரியாதையாக, "சார், நான் சொன்னேனே அந்தப் பெரியவரு, இவருதான்" என்று அறிமுகம் செய்து வைத்தார். பிறகு அவரிடம், "நீங்க பொண்ணோட அப்பான்னு சொல்லவே இல்லியே" என்றார்.

"நீங்க கேக்கவே இல்லியே" என்றார் அவர்.

ஸ்டவ்வுக்குப் பம்ப் அடிக்கத் தெரியாதவன், கேட்ட வார்த்தையைத் தன் வார்த்தையாகச் சொன்னவன், ஐஸ் கட்டிக்குப் பயந்து கட்டிலில் ஏறியவன், எல்லாமே இவருக்கு அந்தப் புதன்கிழமையிலிருந்து தெரியும். "என்ன சார் சொன்னீங்க?" என்று சாம்பிளைக் கேட்டேன். "கேட்டதுக்கெல்லாம் பதில் சொன்னேன் சார்" என்று சொல்லிவிட்டு, குடையை எடுக்காமலே வெளியே போய்விட்டார். பெண்ணின் அப்பா என் கட்டிலில் உட்கார்ந்து, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"போடுங்க தம்பி. பாக்கறேன்."

அவர் கொண்டுவந்த எண்ணெயைக் கடாயில் ஊற்றினேன். செக்கில் ஆட்டிய புது எண்ணெய். முதல் வாழைக்காய் விழுந்ததுமே நுரைத்துப் பொங்கிக் கடாயின் விளிம்புக்கு வந்துவிட்டது. ஒரு மாதமாக நான் பழகியது கடைப் பாக்கெட் எண்ணெய். இப்படி ஒன்று நடக்கும் என்று எனக்குத் தெரியாது. பதறிப்போய் ஸ்டவ்வைக் குறைத்தேன். நுரை அடங்கியது, சூடும் அடங்கியது. ஏற்றினேன், மறுபடி பொங்கியது. கடைசியில் தட்டுக்கு ஆறு வந்தன. இரண்டு கருகல், இரண்டு சொதசொதப்பு, இரண்டு ஏதோ பார்க்கும்படி இருந்தன. பார்க்கும்படி இருந்ததில் ஒன்றை அவர் எடுத்து, கடித்தார்.

மாடிப்படியிலிருந்து ஒரு குரல் வந்தது. "கேக்குது சார்."

சாம்பிள் போகவே இல்லை, மூன்றாவது படியில் நின்றுகொண்டிருந்திருக்கிறார். பெண்ணின் அப்பா படிப் பக்கம் ஒருமுறை பார்த்தார். தட்டில் இருந்ததில் இரண்டைத் தானே எடுத்து ஆறவைத்து, ஓட்டை போட்ட டிபன் பாக்ஸில் பொரி மேல் அடுக்கிக்கொண்டு, "வரேங்க" என்று கிளம்பினார். படி இறங்கும்போது சாம்பிளின் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

அவர் தெருமுனை தாண்டியதும் என் ஒரு மாதக் கோபமும் வெளியே வந்தது. "உங்க வாயாலதான் சார் இந்தக் கல்யாணம் போச்சு. பஸ்ல போற வர்றவன்கிட்டல்லாம் என் மானத்தை வாங்கினீங்களே, உங்களுக்கு இன்னா சார் கெடச்சுது?" என்று கத்தினேன். இன்னும் என்னென்னவோ சொன்னேன். இதை எழுதும்போதுகூட அவற்றை எழுதக் கை கூசுகிறது. கடைசியாக, "உங்க கடாய நீங்களே கழுவுங்க" என்றேன். கடாயில் பஜ்ஜி போட்டது நான். சாம்பிள் கடாயைத் தூக்கிக்கொண்டு கீழே குழாயடிக்குப் போய், சாம்பல் போட்டுத் தேய்த்துக் கொண்டுவந்து கவிழ்த்து வைத்தார்.

நாலாம் நாள் டிபன் பாக்ஸ் திரும்பி வந்தது. கீழ்பென்னாத்தூரிலிருந்து வந்த உறவுக்காரர் ஒருவர் ஆபீஸிலேயே கொடுத்துவிட்டுப் போனார். திறந்தேன். உள்ளே வெற்றிலை, பாக்கு, மஞ்சள். கூடவே அந்தப் பெண் எழுதி நாலாக மடித்த ஒரு சீட்டு: "கொஞ்சம் நமுத்துத்தான் போயிருந்தது. பரவாயில்லை." ஆபீஸில் அன்று நான் எந்த ஃபைலிலும் சரியாக எழுதவில்லை.

கல்யாணத்துக்கு சாம்பிள் வந்தார். நேராகச் சமையல் கட்டுக்குப் போய், ரசத்தில் புளி ஜாஸ்தி என்று சொல்லி சமையல்காரரிடம் திட்டு வாங்கினார். அடுத்த மாதமே வேலூரில் ஒரு பெரிய லேப்பில் வேலை கிடைத்துப் பெட்டியைக் கட்டினார். போகும்போது கடாயை எனக்கே விட்டுவிட்டார். கொஞ்ச காலம் கடிதம் வந்தது. பிறகு ஓசூர் பக்கம் போய்விட்டதாகக் கேள்வி. விலாசம் யாரிடமும் இல்லை.

மூன்று வருடம் கழித்து ஒரு மழைநாளில், நான் பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்தபோது என் மனைவியிடம் கேட்டேன். "உங்க நைனாவுக்கு எல்லாம் தெரிஞ்சும் எப்படி ஒத்துக்கிட்டாரு? அன்னைக்கி அந்த ரெண்டு பஜ்ஜி நல்லா இருந்துதா?"

"அதெல்லாம் அந்தப் புதங்கெழமையே முடிஞ்சிபோச்சி" என்றாள் அவள். "பஸ்ல நைனா கேட்டாராம், அந்தப் பையன் எப்படிப்பட்டவன்னு. அதுக்கு உங்க சாம்பிள் சொன்னாராம், பொய் சொல்லுவாருங்க. ஆனா சொன்ன பொய்ய நெஜமாக்கறதுக்காக ஒரு மாசமா கையச் சுட்டுக்கினு கெடக்கறாரு, ஒருநாள்கூட விடல. எனக்குக் கூடப் பொறந்தவ யாரும் இல்ல, இருந்தா இவருக்குத்தான் குடுப்பேன்னு. வூட்டுக்கு வந்ததும் நைனா எங்கிட்ட சொன்னாரு. எனக்கு அதுவே போதும்னு தோணிச்சி."

கடாயில் இருந்த பஜ்ஜி கருகிவிட்டது. நான் கவனிக்கவில்லை. வாழ்நாளில் ஒரு பொய் ரிசல்ட் கொடுக்காத மனுஷன், யாரென்றே தெரியாத ஒருவரிடம் என்னைப் பற்றிக் கொடுத்த ரிசல்ட் அது. இதைச் சொன்னேன் என்று என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்று அவ்வளவு திட்டு வாங்கியிருக்க வேண்டாம். அவருக்குச் சொல்லத் தோன்றவில்லை, எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

அவரை நான் ஒரு தடவையாவது மச்சான் என்று கூப்பிட்டிருக்கலாம்.